நோயைக் கணக்கிட்டவர்கள்

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இடம்பெறும் கட்டுரைகளுள் பெரும்பாலானவை நம் சமுதாயத் தலைவர்களைப் பற்றியோ கல்வியின் சிறப்பைப் பற்றியோ அமைதல் இயல்பு. நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினின்று சற்று விலகியது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை, மேலே என்ன படிக்கப் போகிறீர்கள் என்று வினவினால் மருத்துவம், பொறியியல், ஆசிரியர் பயிற்சி, காவல்துறை என்பனவே விடையாக வருகின்றன. இல்லையேல் சிப்காட்டில் ஏதேனும் ஒரு கம்பெனி. கணக்குப் பாடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கும் மாணவனுக்குக்கூட, அக்கணக்கைக் கொண்டு நோயாளிகளின் உயிரைக் காக்கலாம் என்பது தெரியாது. அங்ஙனம் காத்தவர்கள் உண்டு. அவர்களுள் சிலர் சென்னைச் சேத்துப்பட்டில் அமர்ந்து பணியாற்றினர். அவர்தம் துறையின் மாபெரும் ஆய்வுகளுள் ஒன்று, நாம் இன்று திருவள்ளூர் மாவட்டம் என்று வழங்கும் இந்நிலப்பகுதியிலேயே நடந்தது. அவ்வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

மருத்துவப் புள்ளியியல் என்பது அத்துறையின் பெயர். உயிர்ப்புள்ளியியல் என்றும் கூறுவர். ஒரு மருந்து நல்ல மருந்துதானா என்பதை எப்படி முடிவு செய்வது? 'நான் சாப்பிட்டேன், குணமானது' என்று ஒருவர் கூறுவதை வைத்து முடிவு செய்தல் இயலாது. மருந்து உண்ணாமலே குணமடைவோரும் உண்டு. உண்டும் மாண்டோர் வந்து சாட்சி சொல்வதில்லை. சரி, நூறு பேருக்குக் கொடுத்துப் பார்ப்போம், கொடாத நூறு பேரோடு ஒப்பிடுவோம் என்றால், அந்நூறு பேரைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்ற வினா எழுகிறது. மருத்துவர் தேர்ந்தெடுத்தால், பிழைக்கக்கூடியவர் என்று தமக்குத் தோன்றுவோரையே தம்மையறியாமல் மருந்துப் பக்கம் சேர்த்துவிடுவார். பின்னர் மருந்து வென்றது என்பதற்கு என்ன பொருள்?

ஆதலின் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதே நேர்மையான வழி என்று புள்ளியியல் அறிஞர் கண்டனர். சீட்டுக் குலுக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், சபைக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். மக்களாட்சிக்கு முன்னோடி என்று மேடைதோறும் இதனைப் புகழ்வர். ஆயினும் தன் பெயரை அக்குடத்தில் இட வேண்டுமாயின் கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் இருத்தல் வேண்டும் என்பது அதே கல்வெட்டின் விதி. நிலமற்ற நம் முன்னோரின் பெயர் அக்குடத்துள் ஒருநாளும் விழுந்ததில்லை. சீட்டு நடுநிலையானதுதான், குடத்தில் எவர் பெயரை இடுவது என்பதில்தான் நீதியும் அநீதியும் இருக்கின்றன. இதனை இளைஞர்கள் நினைவில் கொள்க. பின்னரும் பேச வேண்டியிருக்கிறது.

மருந்தாய்வில் இச்சீட்டு முறையை நிலைநாட்டியவர் ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் என்னும் ஆங்கிலேயர். 1897இல் பிறந்தவர். தந்தை புகழ்பெற்ற உடலியல் அறிஞர். மகனும் மருத்துவராக வேண்டும் என்பதே எண்ணம். முதல் உலகப் போரில் விமானியாகச் சென்றவர் காசநோயுடன் திரும்பினார். ஈராண்டு மருத்துவமனைப் படுக்கை. அதன்பின் மேலும் ஈராண்டு ஓய்வு. மருத்துவப் படிப்பு கைகூடவில்லை. படுத்தபடியே, அஞ்சல் வழியில், இலண்டன் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பட்டத்தை 1922இல் பெற்றார். அதே பல்கலைக்கழகத்தில், அதே பாடத்தில், அதே காலத்தில், நம் அண்ணல் அம்பேத்கர் 1921இல் எம்.எஸ்ஸி. பட்டமும் 1923இல் டி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. அண்ணலும் எண்களை ஆளத் தெரிந்தவரே. இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் பற்றி 1918இல் அவர் வெளியிட்ட கட்டுரையைப் புரட்டிப் பார்ப்போர், புள்ளிவிவரத்தை எதிராளியின் கையினின்று பறித்து அவர்மீதே திருப்பும் வித்தையை அதில் காண்பர்.

ஹில், பொருளாதாரப் பட்டத்தோடு நின்றுவிடாமல், கார்ல் பியர்சன் என்னும் புள்ளியியல் பேராசிரியரின் வகுப்புகளுக்குச் சென்றார். தொழிலாளர் நோய்களை ஆராயும் பணியில் அமர்ந்தார். ஸ்திரீகள், சிறார், அச்சகத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் எனப் பலதரப்பட்டோரின் நோய்க் கணக்குகள் அவர் மேசைக்கு வந்தன. 1937இல் மருத்துவர்களுக்குப் புள்ளியியலைக் கற்பிக்கும் கட்டுரைத் தொடர் ஒன்றை 'லான்செட்' இதழில் எழுதினார். அது நூலாகிப் பல பதிப்புகள் கண்டது. மருத்துவப் பட்டமே இல்லாத ஒருவரிடம் மருத்துவ உலகம் பாடம் கேட்டது. பின்னாளில், புகை பிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்டு டாலுடன் இணைந்து 1950இல் எடுத்துக் காட்டியவரும் இவரே. 1991இல் மறைந்தார்.

அவருடைய வாழ்வைத் தின்ற காசநோய்க்கே அவர் கணக்கு முதலில் பயன்பட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து 1943இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. போரினால் நலிந்த இங்கிலாந்துக்கு அம்மருந்து மிகக் குறைவாகவே கிடைத்தது. எல்லோர்க்கும் கொடுக்கப் போதாது என்னும் நிலையில், சீட்டின் வழியே கொடுப்பதே அறம் என்று ஹில் கருதினார். 107 நோயாளிகள். எவர்க்கு மருந்து, எவர்க்கு வெறும் படுக்கை ஓய்வு என்பது ஒட்டிய உறைகளுக்குள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டது. நோயாளியைச் சேர்க்கும்வரை மருத்துவரும் அதனை அறியார். எக்ஸ்ரே படங்களைப் படித்தவர்களுக்கும் எப்படம் எப்பிரிவினருடையது என்பது சொல்லப்படவில்லை. ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தனர்; பெறாத 52 பேரில் 14 பேர். 1948இல் வெளியான இவ்வறிக்கையே உலகெங்கும் மருந்தாய்வுக்கு இலக்கணமாயிற்று. ஆயினும் காலம் செல்லச் செல்ல, அம்மருந்தைத் தனியே உண்டோரின் உடலில் கிருமிகள் அதற்கு அஞ்சாதனவாக மாறின என்பதும் அதே கணக்கால் தெரிந்தது. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் அதன் விளைவாக வந்ததே.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1950களில் காசநோய் என்றால் சானடோரியம் என்று பொருள். நல்ல காற்று, முட்டை, பால், நீண்ட ஓய்வு. ஆனால் படுக்கைகள் சில ஆயிரம். நோயாளிகள் பல இலட்சம். அன்றாடங்காய்ச்சிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. குடும்பத் தலைவன் ஓராண்டு சானடோரியத்தில் படுத்துவிட்டால் வீட்டில் உலை வைப்பது யார்? படுக்கை கிடைத்தும் செல்லாதோர், சென்றும் பாதியில் ஓடிவந்தோர் பலர். ஏழைக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது. கொடுக்கலாகாது என்றனர் பெரிய மருத்துவர்கள். குடிசையில் காற்றில்லை, சோறில்லை, ஓய்வில்லை, வீட்டிலுள்ளோர்க்கும் நோய் பரவும் என்பன அவர்கள் கூறிய காரணங்கள். கேட்போர்க்கு அவை நியாயமாகவே தோன்றும். ஆனால் எவரும் எண்ணிப் பார்த்துக் கூறவில்லை.

எண்ணிப் பார்ப்பதற்கென்றே 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்து நிறுவியது அது. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் தொடக்க ஆண்டுகளில் அதற்குத் தலைமை தாங்கினார். சென்னை நகரின் ஏழை மக்கள் வாழும் பகுதிகளிலிருந்து 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டுச் சீட்டு முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பாதியினர் சானடோரியத்திற்கு; மறுபாதியினர் தத்தம் வீட்டிற்கு. இரு சாராருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டு.

விளைவு என்ன? சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர்க்கும், வீட்டில் நூற்றுக்கு 86 பேர்க்கும் நோய் அடங்கியது. மேலோட்டமாகப் பார்ப்போர், சானடோரியமே வென்றது, ஆறு பேர் கூடுதல் அல்லவா என்பர். இங்கேதான் புள்ளியியலார் எழுந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் நூறு பேர்கூட இல்லாத ஆய்வில், இரு முறைகளும் ஒரே தரமானவையாக இருப்பினும், சீட்டு விழுந்த விதத்தினாலேயே இந்த அளவு வேறுபாடு தோன்றக்கூடும் என்று கணக்கிட்டுக் கூறுவது அவர் கடமை. ஒரு காசை நூறு முறை சுண்டினால் சரியாக ஐம்பது தலை விழுவதில்லை. நாற்பத்தைந்தும் விழும், ஐம்பத்தைந்தும் விழும். அதனால் காசு கோணல் என்று கூறிவிடலாமா? இதனை நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலேயே நிகழ்தகவு என்று நடத்துகிறோம். அப்பாடத்தில் மதிப்பெண் மட்டுமே இருக்கிறது என்று பிள்ளைகள் எண்ணுகின்றனர்.

கணக்கு அத்துடன் முடியவில்லை. வீட்டில் இருந்தோர் உண்டது குறைவான உணவு. அவர்களுக்குக் கிடைத்த ஓய்வும் குறைவு. அப்படியிருந்தும் நோய் அடங்கியது என்பதை அறிஞர்கள் அளந்து எழுதினர். நோயாளிகளின் வீட்டார் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர்; வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றியதற்குச் சான்றில்லை. சிகிச்சை தொடங்குமுன் ஏற்பட்ட தொற்றே பெரும்பங்கு என்பது புலனாயிற்று. உலகின் ஏழை நாடுகள் அனைத்தும் சானடோரியம் கட்டுவதை விட்டு மருந்து கொடுப்பதில் இறங்கின. சென்னைக் குடிசைவாசிகளின் உடல்களே அம்மாற்றத்திற்குச் சான்றாக நின்றன. இதனை நன்றியோடு கூறுவார் அரியர்.

வீட்டில் மருந்தைக் கொடுத்தால் நோயாளி உண்கிறாரா, கூரையில் செருகி வைக்கிறாரா என்பது எப்படித் தெரியும்? முன்னறிவிப்பின்றி வீட்டிற்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். இருமல் நின்றதும் மருந்தையும் நிறுத்துவது மனித இயல்பு. நம் தெருக்களிலும் இன்றுவரை காண்பதுதானே? அதற்கு மாற்றாக, வாரம் இருமுறை மட்டும் மருத்துவப் பணியாளரின் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையை அம்மையம் ஆராய்ந்து 1964இல் வெளியிட்டது. பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய, நேரடிக் கண்காணிப்பில் மருந்து தரும் 'டாட்ஸ்' முறைக்கு அது வித்து.

இவ்வாய்வுகளின் அறிக்கைகளில் மருத்துவர் பெயர்களோடு எஸ். ராதாகிருஷ்ணா, பி. ஆர். சோமசுந்தரம் ஆகிய புள்ளியியலாரின் பெயர்களும் சமமாக இடம்பெற்றுள்ளன. ராதாகிருஷ்ணா 1965இல் 'பயோமெட்ரிக்ஸ்' என்னும் உலகப் புகழ்பெற்ற இதழில் எழுதிய கட்டுரை, பல இடங்களில் கிடைத்த சிறு சிறு அட்டவணைகளின் முடிவுகளை எங்ஙனம் ஒன்றுசேர்த்து ஒரு தீர்ப்பை எட்டுவது என்பது பற்றியது. ஒரு மருத்துவமனையில் இருபது நோயாளிகள், இன்னொன்றில் முப்பது. தனித்தனியே பார்த்தால் எதுவும் விளங்காது, அப்படியே கொட்டிக் கலந்தால் தவறான விடை வரும் என்னும் நடைமுறைத் தொல்லையிலிருந்து பிறந்த கணிதம் அது. பின்னாளில் அவர், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனத்திற்கு இயக்குநரானார். மருத்துவர் அல்லாத ஒருவர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமொன்றைத் தலைமை தாங்கி நடத்தும் நிலைக்கு இத்துறை நம் நாட்டில் வளர்ந்துவிட்டது. இதற்கு அடித்தளமிட்டோருள் 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிசும், பழைய சென்னை மாகாணத்து ஹடகலியில் பிறந்து 102 வயது வரை வாழ்ந்து 2023இல் மறைந்த சி. ஆர். ராவும் குறிப்பிடத்தக்கோர்.

நம் மண்ணில் நடந்ததை இனிக் கூறுவோம். காசநோய்த் தடுப்புக்குப் பிள்ளைகளின் தோளில் போடப்படும் பி.சி.ஜி. ஊசியை அனைவரும் அறிவோம். அதன் தயாரிப்புக்கூடம் 1948இல் கிண்டியில் அமைந்தது. 1955இல் இராஜாஜி அவ்வூசியை எதிர்த்துக் கடுமையாக எழுதினார், அரசு மறுத்தது. இரு தரப்பிலும் சொற்கள் இருந்தன. போதிய எண்கள் இல்லை. இங்கிலாந்தில் பெரும்பயன், அமெரிக்காவின் சில பகுதிகளில் சிறுபயன் என்று ஆய்வுகள் முரண்பட்டன. முடிவு காண்பதற்காக, 1968 முதல் 1971 வரை, அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்துக் கிராமங்களில், உலகம் அதுவரை கண்டிராத அளவில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுள் 2,81,161 பேர்க்குச் சீட்டு முறைப்படி ஊசி போடப்பட்டது: சிலருக்கு உண்மையான பி.சி.ஜி., சிலருக்கு மருந்தற்ற ஊசி. எவர்க்கு எது என்பது போட்டுக்கொண்டவர்க்கும் தெரியாது, போட்டவர்க்கும் தெரியாது. பின்னர் பதினைந்து ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தனர். வெயிலில், ஏரிக்கரைகளில், ஊருக்கும் சேரிக்குமாகச் சளி டப்பாக்களைச் சுமந்து அலைந்த களப்பணியாளர்களின் பெயர்கள் எந்த இதழின் முகப்பிலும் இல்லை.

பெரியோர்க்கு நுரையீரல் காசநோயிலிருந்து அவ்வூசி எவ்விதப் பாதுகாப்பும் தரவில்லை என்பதே முடிவு. ஏழரை ஆண்டுக் கணக்கு 1979, 1980இல் வெளிவந்தபோது உலகமே திகைத்தது. பதினைந்தாண்டு அறிக்கை 1999இல் வந்தது. சிறுவர்களிடத்தில் மட்டும் நூற்றுக்கு 27 என்னும் குறைந்த பாதுகாப்பு தென்பட்டது. அதுவும் தற்செயலாக இருக்கக்கூடும் என்று கணக்கு எச்சரித்தது. நம் பகுதியின் மண்ணிலும் நீரிலும் உள்ள, காசநோய்க் கிருமிக்கு உறவான வேறு கிருமிகள் மக்களின் உடலை முன்னரே பழக்கிவிட்டமை காரணமாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். இதனைப் படித்துவிட்டு எவரும் தம் குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று முடிவு செய்துவிடலாகாது. பச்சிளங் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய காசநோயை அவ்வூசி தடுக்கும் என்பது வேறு ஆய்வுகளால் உறுதிப்பட்டது; அதனால்தான் பிறந்தவுடன் போடுகின்றனர். எந்நோய்க்கு, எவ்வயதினர்க்கு, எவ்வளவு என்று பிரித்துக் கூறுவதே புள்ளியியலாரின் தொழில்.

எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதை மறைக்காமல் அச்சிட்டமையை நாம் பெரிதும் மதிக்கிறோம். உலக நாடுகள் பல நம்பியிருந்த ஊசியின் குறையை, நம் மாவட்டத்துக் குடியானவர்களும் கூலிகளும் நீட்டிய கைகளைக் கொண்டு மெய்ப்பித்துவிட்டு, அதனை அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிட்ட ஆய்வும் இதே மாவட்டத்தில் 1990களில், ஆவடிக் களநிலையத்தின் பொறுப்பில் நடந்தது. ஏறத்தாழ 1,71,000 பேர் அதில் பங்கேற்றனர்.

முன்னர்க் கூறிய குடத்திற்கு இப்பொழுது திரும்புவோம். சபைக்கு ஆளெடுத்த குடத்தில் நம் பெயர் இல்லை. ஆனால் மருந்தாய்வின் குடத்தில் ஏழையின் பெயரே முதலில் விழுகிறது. இது முற்றிலும் தீமையும் அன்று. ஏழையின் நோய்க்கு ஏழையிடம்தான் விடை காண வேண்டும். ஆனால் அவனுக்குச் சொல்லி, அவன் இசைந்து, பின்னரே செய்தல் வேண்டும். 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டமொன்றில் பழங்குடிச் சிறுமியர் பலர்க்கு ஊசி போட்டபோது, பெற்றோர்க்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் இசைவுப் படிவங்களில் கையொப்பமிட்டனர். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. இடையில் நேர்ந்த இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணையில் கூறப்பட்டபோதும், இசைவு பெற்ற முறையை 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. தலைமையாசிரியர் என்னும் முறையில் அச்செய்தி நம்மை மிகவும் உறுத்தியது. ஒரு முத்திரையும் ஒரு கையொப்பமும் தாய் தந்தையர் ஆகிவிடா.

இன்று சட்டம் திருந்தியிருக்கிறது. மருந்தாய்வுகளைப் பொதுப் பதிவேட்டில் பதியும் முறை 2007இல் தொடங்கி, 2009இல் கட்டாயமாயிற்று. அப்பதிவேட்டைப் பேணி வந்தது மருத்துவப் புள்ளியியலுக்கான தேசிய நிறுவனமே. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வில் சேர்வோர்க்கு அவர்க்குத் தெரிந்த மொழியில் விளக்குதல் வேண்டும்; எழுத்தில் இசைவு பெறுதல் வேண்டும்; ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு; எந்நேரமும் விலகிக்கொள்ளலாம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பிழைக்க வந்து, ஒற்றை அறையில் பத்துப் பேராக உறங்கும் வெளிமாநிலத் தொழிலாளர்க்கும் இவ்வுரிமைகள் உரியன. ஆய்வுகளை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுக்களில் மருத்துவர் அல்லாத பொதுமக்களில் ஒருவரும் அமர்தல் வேண்டும் என்பதும் விதி. அந்த இருக்கையில் நம்மவர் எத்துணைப் பேர் அமர்ந்துள்ளனர்?

அட்டவணையின் கட்டங்களுக்குள் எண்ணாக நின்ற சமுதாயம், அட்டவணை போடும் கோலைக் கையில் எடுப்பதற்கு இன்று பெரிய தடையில்லை. மேல்நிலை வகுப்பில் கணிதம் உள்ள பிரிவை எடுத்தல் வேண்டும். உயிரியலும் சேர்ந்திருப்பின் நன்று. சென்னை மாநிலக் கல்லூரி, இலயோலா, தாம்பரம் கிறித்துவக் கல்லூரி ஆகியவற்றில் புள்ளியியல் பட்டப்படிப்பு உண்டு; சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை உண்டு. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, உயிர்ப்புள்ளியியலுக்கென்றே எம்.எஸ்ஸி. நடத்துகிறது. மருத்துவப் படிப்புக்கு நுழைவுத் தேர்வில் இடம் கிட்டாமல் மனமுடையும் பிள்ளைகள், மருத்துவ உலகிற்குள் செல்ல இப்படியும் ஒரு வாயில் இருப்பதைக் காணட்டும். பட்டத்தோடு கணினியும் ஆங்கிலமும் வேண்டும் என்பதை மறைப்பதற்கில்லை. ஆங்கிலத்தை அஞ்சியே நம் பிள்ளைகளுள் பாதிப்பேர் கல்லூரி முதலாண்டில் நின்றுவிடுகின்றனர். நம் சங்கத்தின் மாலை வகுப்பில் ஆங்கிலத்திற்கு வாரம் இரண்டு நாள் போதாது என்று நிர்வாகிகளுக்கு இம்மலரின் வாயிலாகவே தெரிவித்துக்கொள்கிறோம்.

சேத்துப்பட்டு மையம் 1978இல் காசநோய் ஆராய்ச்சி மையமாகவும், 2011இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகவும் பெயர் மாறி இன்றும் அதே இடத்தில் இயங்குகிறது. ராதாகிருஷ்ணா தலைமை வகித்த நிறுவனத்தின் சென்னைக் கிளையும் ஆவடிக் களநிலையமும் 1999இல் இணைந்து தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் ஆயின. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் அது உள்ளது. ஆரம்பாக்கத்தில் காலை வண்டி ஏறிச் சென்னையில் இறங்கி, திருவள்ளூர் மார்க்க வண்டியில் அம்பத்தூர் சென்றால், மாலைக்குள் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம்.